இரண்டாவது கோல்கீப்பர்

தம்மாம்
10.6.2005

அன்பு மனைவி பாத்திமுத்துவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நான் இங்கே சுகம். உன்னையும் ரயானையும் ஜுவைரியாவையும் நினைக்காத தொழுகை இல்லை. உன் தலைசுற்றலுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடு. கொஞ்சம் தேவலை என்றதும் நிறுத்திவிடுவது உன் வழக்கம்.

ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். அறையில் எல்லோரும் தூங்குகிறார்கள். சுப்ராயன் மட்டும் விழித்திருக்கிறான். "அண்ணியக் கேட்டதா எழுதுங்கண்ணே" என்கிறான்.

விஷயம் என்னவென்றால், போன வாரம் போனில் ரயானிடம் காலேஜ் டீமைப் பற்றிக் கேட்டேன். "இந்த வருஷம் மூணு கோல்கீப்பர் இருக்கோம் அத்தா" என்றான். "நீ எத்தனாவதுடா?" என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. லைன் கட்டானதா, அவன் வைத்துவிட்டானா என்று தெரியவில்லை. வேறு எதைக் கேட்டாலும் அவன் போனில் "ம்" என்பதோடு சரி. அதனால் உன்னைக் கேட்கிறேன். சீசன் தொடங்கப்போகிறது. மூன்று பேர் யார் யார், நம் பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறான் என்று விசாரித்து விவரமாக எழுது. உனக்கு பந்தாட்டம் தெரியாது என்று சாக்குச் சொல்லாதே. கேட்டு எழுத ஆட்டம் தெரிய வேண்டியதில்லை.

இந்த அறையில் அவனைப் பற்றித்தான் பேச்சு. நான் மரக்காணம் டீமில் மூன்று வருஷம் கோல்கீப்பராக இருந்தவன் என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளை காலேஜுக்கே நிற்கிறான் என்றால் சும்மாவா?

ஜுவைரியாவைக் கணக்குப் பாடம் ஒழுங்காகப் படிக்கச் சொல். வஸ்ஸலாம்.

உன் கணவன்,
ஹபீப் முஹம்மது


மரக்காணம்
2.7.2005

அன்பு மச்சானுக்கு,

பாத்திமுத்து எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். இங்கே நாங்கள் மூவரும் நல்ல சுகம். மாத்திரையை நிறுத்தவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நிறுத்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது லேசான வேலையா? உங்கள் பிள்ளை காலையில் ஏழு மணி பஸ்ஸில் பாண்டிக்குப் போனால், பிராக்டிஸ் முடிந்து வரும்போது விளக்கு வைத்துவிடுகிறது. வந்ததும் சாப்பாடு, படுக்கை. "ஏம்பா, நீ எத்தனாவது கோல்கீப்பர்?" என்றால், "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்கிறான். கடைசியில் ஜுவைரியாதான் அவனுடைய பூட்ஸை ஒளித்துவைத்து மிரட்டி விவரம் வாங்கினாள்.

முதல் ஆள் ராஜவேல். நம் ஊர்தான். உப்பளத்தில் வேலை செய்கிற சின்னப்பாப்பாவின் பையன். இது கடைசி வருஷம். இரண்டு வருஷமாக அவன்தான் கோலில் நிற்கிறான். மூன்றாவது ஆள் தட்சணாமூர்த்தி, இரும்பை ஊர்க்காரன். இந்த வருஷம்தான் சேர்ந்தான். நம் வீட்டுக்குள் வந்தால் நிலைப்படியில் இடிக்கும், அவ்வளவு உயரமாம். நடுவில் இருக்கிறவன் நம் ரயான்.

இரண்டாவது என்றால் சும்மா இல்லை. முதல் ஆளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் இவன்தான் இறங்க வேண்டும். அந்தப் பையனுக்குக் காய்ச்சல் வர வேண்டாம், ஒரு பேச்சுக்குச் சொன்னேன். காலேஜில் ஆயிரம் பையன்கள் இருக்கிறார்கள். அதில் இரண்டாவதாக நிற்பது பெருமைதானே மச்சான்?

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஒரு வரிகூட எழுதவில்லையே.

துஆவுடன்,
பாத்திமுத்து


தம்மாம்
24.7.2005

அன்பு பாத்திமுத்துவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் எல்லோருடைய நலத்தையும் அறிந்து நிம்மதி. எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சுப்ராயனுக்கும் படித்துக் காட்டினேன். ராஜவேலுக்குக் கடைசி வருஷம் என்றால் நல்லதுதான். ரயானை உயரப் பந்துக்குக் கை விரித்து எகிறச் சொல். நம் தெரு அன்சாரி லீவில் வருகிறான், அவனிடம் ஒரு ஜோடி நல்ல கிளவுஸ் கொடுத்து அனுப்புகிறேன். இங்கே பெரிய கடையில் வாங்கியது. போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

அதைவிட முக்கியமான சேதி ஒன்று. கம்பெனியில் ஸ்டோர் கிளார்க் விசா ஒன்றை எனக்கென்று மேனேஜர் ஒதுக்கி வைத்திருக்கிறார். ஜனவரிக்குள் ஆள் வந்து சேர வேண்டும். ரயான் வரட்டும். பாஸ்போர்ட்டுக்கு உடனே எழுதிப் போடு. டிகிரியைத் தபாலில் படித்து முடித்துக்கொள்ளலாம். இது தள்ளிப்போடுகிற காரியம் இல்லை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதியதும் தெரிவி.

உன் கணவன்,
ஹபீப் முஹம்மது


மரக்காணம்
12.9.2005

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். உங்கள் நலத்துக்காக எப்போதும் கையேந்துகிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜுவைரியாவுக்கு அம்மை போட்டு இறங்கியது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

மச்சான், நான் மேட்ச் பார்த்துவிட்டு வந்தேன்! காலேஜ் மைதானத்தில், கடலூர் காலேஜோடு. ஜுவைரியாவைக் கூட்டிக்கொண்டு, புர்கா மாட்டிக்கொண்டு, பஸ் ஏறிவிட்டேன். ரயானிடம் சொல்லவே இல்லை. மைதானத்தின் ஓரம் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே நாங்கள் உட்கார்ந்தோம். ஏற்கெனவே அங்கே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். காலில் உப்புப் பூத்திருந்தது, வேலை முடித்து நேராக வந்திருப்பார்போல.

"உங்க புள்ள எங்க நிக்கிறான்?" என்று கேட்டார்.

"நிக்கலைங்க. அதோ, பெஞ்சில உட்கார்ந்திருக்கான். நீலச் சட்டை."

"அட, ரயான் அம்மாவா நீங்க? நான் ராஜவேல் அம்மா. இன்னா பாக்கிறதுன்னே எனக்குத் தெரியல. எம்புள்ள பக்கம் பந்து வந்தா கண்ண மூடிக்குவேன். எல்லாரும் கத்தினா தொறப்பேன்."

நானும் அப்படித்தான் செய்தேன், வேறு பிள்ளைக்காக.

மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் ரயான்தான் ராஜவேலை நிற்கவைத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பந்தை உதைத்து உதைத்துப் பழக்கினான். வியர்வையில் நனைந்துவிட்டான். யாராவது பார்த்தால் இவன்தான் ஆடப்போகிறான் என்று நினைப்பார்கள். அப்புறம், நீங்கள் அனுப்பிய கிளவுஸைக் கழற்றி ராஜவேலிடம் கொடுத்தான். ராஜவேலின் கிளவுஸ் உள்ளங்கையில் கிழிந்துவிட்டதாம். ஆட்டம் முழுக்க இவன் பெஞ்சிலேயே இல்லை. கோலுக்குப் பின்னால் போய் நின்று, "லெஃப்ட்ல ஆள் வர்றான்டா, லெஃப்ட்ல!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினான். ஒரு கோல் போட்டு நாம் ஜெயித்தோம்.

முடிந்ததும் என்னைப் பார்த்துவிட்டான். அடிக்கப் போகிறவன் மாதிரி வந்தான். வந்து, "சாப்டீங்களாம்மா?" என்றான்.

நான் 'நாம் ஜெயித்தோம்' என்று எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா?

இப்படிக்கு,
பாத்திமுத்து


தம்மாம்
30.9.2005

பாத்திமுத்துவுக்கு,

ஸலாம். நலம்.

பாஸ்போர்ட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

கிளவுஸ் நான் என் பிள்ளைக்கு அனுப்பியது. அடுத்தவன் கைக்கு இல்லை. பந்து பொறுக்கிப் போடுவதற்கும் கோலுக்குப் பின்னால் நின்று கத்துவதற்குமா அவனை பாண்டிக்கு அனுப்புகிறோம்? நீ அதைப் பார்த்துவிட்டுப் பெருமையாக எழுதுகிறாய். இரண்டாவது கோல்கீப்பர் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மழையில் நனைய வேண்டும், வெயிலில் காய வேண்டும், ஜெயித்தால் கடைசி வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ரமலான் வருகிறது. நோன்போடு வெயிலில் ஓடவேண்டாம் என்று சொல். பாஸ்போர்ட்டுக்கு எழுது.

ஹபீப் முஹம்மது


மரக்காணம்
10.11.2005

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாகப் போனது. நீங்கள் அனுப்பிய துணியில் ஜுவைரியாவுக்குச் சட்டை தைத்தேன். மழை விடாமல் கொட்டுகிறது. உப்பளம் எல்லாம் ஏரி மாதிரி நிற்கிறது. அங்கே உங்கள் உடம்பு எப்படி? போனில் குரல் சோர்ந்து கேட்கிறது.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடவில்லை. ரயான் தடுக்கவில்லை. "அத்தா சொன்னா போறேம்மா, இந்த சீசன் மட்டும் முடியட்டும்" என்றுதான் சொன்னான். ஃபாரத்தை வாங்கி அலமாரியில் வைத்ததும் நான்தான், எடுக்காமல் விட்டதும் நான்தான். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை.

மழை தொடங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிட்டது. வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் சுனாமிக்குப் பிறகு உப்பள ஜனங்களுக்குக் கையில் எதுவுமே மிச்சமில்லை. ராஜவேல் காலேஜுக்கு வரவில்லை. பெங்களூரில் கட்டட வேலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறார்களாம், அதில் பேர் கொடுத்துவிட்டான். பி.டி. சார் குழந்தைசாமி ரயானைக் கூப்பிட்டு, "டேய், அவன் வரல. ஜோனல் மேட்ச்சுக்கு நீதான் ஃபர்ஸ்ட். ரெடி ஆயிக்க" என்று சொல்லிவிட்டார். ஜுவைரியா என்னிடம் வந்து சொன்னாள்.

அன்று மக்ரிப் தொழுகையில் நான் என்ன துஆ கேட்டேன் தெரியுமா? அந்தப் பிள்ளை திரும்பி வரக் கூடாது என்று கேட்டேன். மரத்தடியில் என்னோடு உட்கார்ந்து வேர்க்கடலை பங்கு போட்டுத் தின்ற சின்னப்பாப்பாவின் பிள்ளை. நோன்பு திறந்த வாயோடு கேட்டேன்.

மறுநாள் காலையில் ரயான் மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராஜவேல் வீட்டுக்குப் போனான். என்ன பேசினான், எப்படிப் பேசினான் என்று தெரியாது. சின்னப்பாப்பாதான் பிறகு சொன்னார்: "உங்க புள்ள வாசல்ல குந்திக்கினு எழுந்திரிக்கவே இல்லம்மா. 'ஒன்ற மாசம்டா, யுனிவர்சிட்டி செலக்‌ஷன் முடியட்டும், அப்புறம் எங்க வேணா போ'ன்னான். பி.டி. சாரையும் கூட்டியாந்து பேச வச்சான்." சார் காலேஜ் கேண்டீனில் சாயங்கால வேலைக்கு ஏற்பாடு செய்தாராம். ராஜவேல் திரும்பி வந்துவிட்டான். ரயான் மறுபடி இரண்டாவது.

"ஏன்டா போய்க் கூட்டிட்டு வந்த? உனக்கு எடம் வந்துச்சே?" என்று கத்தினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னான்: "அவன் நின்னா ஜெயிப்போம்மா. நான் நின்னா ஜெயிச்சாலும் ஜெயிக்கலாம்."

என்னுடைய துஆவை நினைத்துப் பார்த்து அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். இந்தப் பிள்ளையை நானா பெற்றேன் மச்சான்?

பாத்திமுத்து


மரக்காணம்
20.12.2005

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் கடிதம் கிடைத்ததா? நாற்பது நாளாகிறது. போன் செய்தாலும் ஜுவைரியாவோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கோபமா, உடம்பு சரியில்லையா? ஏதாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

ஜோனல் ஃபைனலில் நாம் ஜெயித்துவிட்டோம், பெனால்டியில். கடைசிப் பந்தை ராஜவேல் பாய்ந்து தடுத்தானாம். உதைக்க வந்தவன் எப்போதும் வலது மூலைக்குத்தான் அடிப்பான் என்று முந்தின மேட்ச்சுகளைப் பார்த்து எழுதிவைத்துச் சொன்னது நம் ரயான். பி.டி. சார் எல்லோர் முன்னாலும் இவன் தோளில் தட்டினாராம். இதுவும் ஜுவைரியா பூட்ஸை ஒளித்து வாங்கிய சேதிதான்.

ஜனவரி வரப்போகிறது. விசாவுக்கு நான் என்ன சொல்லட்டும்?

பாத்திமுத்து


தம்மாம்
15.1.2006

அன்பு பாத்திமுத்துவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். நான் சுகமாக இருக்கிறேன். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நவம்பர் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. நாலைந்து தடவை எழுதிக் கிழித்தேன். இதையாவது கிழிக்காமல் போட்டுவிட வேண்டும்.

கல்யாணமான புதிதில், நான் மரக்காணம் டீமின் கோல்கீப்பர் என்று உன்னிடம் சொன்னேன். உன் அண்ணன்களிடமும் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. கோல்கீப்பர் அய்யனார் என்ற பையன். நான் இரண்டாவது. மூன்று வருஷத்தில் ஒரு மேட்ச்கூட நான் ஆடியதில்லை. ஒரு நிமிஷம்கூட.

ஒரே ஒரு தடவை வாய்ப்பு வந்தது. திண்டிவனத்தில் ஒரு டோர்னமெண்ட். அய்யனார் வந்து சேரவில்லை. பஸ் வரவில்லையோ என்னவோ. கேப்டன் என்னைக் கூப்பிட்டு, "ஹபீபு, கௌம்பு, நீதான்" என்றான். பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு கோல் வரைக்கும் நடந்துபோய்விட்டேன். கம்பத்தைத் தொட்டும் பார்த்தேன். அப்போது ரோட்டில் அய்யனார் ஓடி வருவது தெரிந்தது. மூச்சிரைக்க வந்து, "சாரிடா ஹபீபு" என்றான். நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். உள்ளுக்குள் நான் நினைத்ததை எழுதக் கை கூசுகிறது. வருகிற வழியில் ஒரு லாரி அவன்மேல் ஏறியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன், பாத்திமுத்து. என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

அதற்குப் பிறகு நான் மைதானத்துக்குப் போகவில்லை. என் அத்தா விசா என்றதும் உடனே தலையாட்டினேன். வீட்டுக் கஷ்டத்துக்காக வந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். பாதி அதுதான். பாதி அந்த பெஞ்சு.

ரயான் வெளியில் உட்கார்ந்திருக்கிறான் என்று நீ எழுதியதும் எனக்குப் பொறுக்கவில்லை. அவனும் என்னைப் போல் கெட்டுப்போவதற்குள் தூக்கிவிட வேண்டும் என்று துடித்தேன். அவன் மழையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு போனான் என்று படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவன் உட்கார்ந்திருக்கிற இடம்தான் என்னுடையது. ஆள் வேறு.

நீ கேட்ட துஆவுக்காக அழாதே. நான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அதைக் கேட்டவன். நம் இரண்டு பேருக்கும் பிறந்தவன் போய் அழைத்து வந்திருக்கிறான். மாஷா அல்லாஹ்.

விசாவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். இதை ரயானிடம் சொல். மற்றதைச் சொல்ல வேண்டாம்.

உன்,
ஹபீப்


மரக்காணம்
5.3.2006

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உங்களுக்கு அல்லாஹ் நல்ல உடம்பைத் தரட்டும். அதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கடிதம். படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக என் அண்ணன்கள் முன்னால், நாத்தனார்கள் முன்னால், "அவங்க மரக்காணத்துக்கே கோல்கீப்பர்" என்று எத்தனை அளந்திருப்பேன்! அப்புறம் திரும்பப் படித்தேன். நீங்கள் கம்பத்தைத் தொட்டுப் பார்த்தீர்கள் என்று எழுதிய இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்குமேல் அன்று படிக்க முடியவில்லை.

ராஜவேல் யுனிவர்சிட்டி டீமுக்குத் தேர்வாகிவிட்டான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு இன்டர்வியூவும் வந்திருக்கிறது. சின்னப்பாப்பா இனிப்போடு வந்தார். "உங்க புள்ள வாசல்ல குந்தாம இருந்தா எம்புள்ள இந்நேரம் செங்கல் தூக்கிக்கினு இருப்பான்" என்றார். ரயான் அவர் முன்னால் நிற்காமல் கொல்லைப் பக்கம் ஓடிவிட்டான்.

போன வாரம் சுப்ராயன் தம்பி லீவில் வந்தார். நீங்கள் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு, டீ குடிக்கும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டார். "அண்ணன் ஊருக்கு வந்திருக்கலாம் அண்ணி. முட்டி தேஞ்சி போச்சு, கம்பெனியில ஏணி ஏறி வேலை செய்ய முடியல. ரயான் அந்த விசாவுல வந்து சேர்ந்தா வீட்டுக்கு அவன் சம்பாதிப்பான், நான் மூட்டை கட்டிடுவேன்னு இருந்தாரு. விசாவ உட்டுட்டாரு."

மச்சான், எத்தனை கடிதம் எழுதினீர்கள். அந்த விசா எதற்கு என்று ஒரு வரி எழுதினீர்களா? பாஸ்போர்ட் ஃபாரத்தை அலமாரியில் வைத்தபோது நான் பூட்டியது உங்களைத்தானா? ஏணி ஏறும்போது வலிக்கிறது என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்தால், நானே ரயானைக் கையைப் பிடித்து விமானம் ஏற்றியிருப்பேன்.

இப்போதும் கெட்டுப்போகவில்லை என்றால் சொல்லுங்கள். அனுப்பிவைக்கிறேன். அவனிடம் இன்னும் பேசவில்லை. நீங்கள் சொன்னால்தான் பேசுவேன்.

கண்ணீரோடு,
பாத்திமுத்து


தம்மாம்
25.6.2006

அன்பு பாத்திமுத்துவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னுடைய, பிள்ளைகளுடைய சுகத்தைப் போனில் கேட்டுக்கொண்டாலும் எழுத்தில் கேட்பது தனி. மார்ச்சில் நீ எழுதியதற்கு, "அப்புறம் பேசலாம்" என்று போனிலேயே மூன்று மாதத்தை ஓட்டிவிட்டேன். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரயானை அனுப்பாதே. இதைப் பற்றி அவனிடம் பேசவும் வேண்டாம். இந்த ஒரு வருஷத்தை அவன் முடிக்கட்டும். என்னை ஏணி ஏறாத வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ரசீது எழுதுகிற மேசை. உட்கார்ந்த வேலை. சுப்ராயன் சொன்ன அளவுக்கு ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் ரயான் டிகிரியோடு ஊரிலேயே ஒரு வேலை பார்த்துக்கொள்வான். நான் வந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ். நீ செய்தது தப்பில்லை. நான் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. அடுத்த தடவை வலித்தால் எழுதுகிறேன்.

அறையில் உலகக் கோப்பை பார்க்கிறோம். சவூதி மூன்று ஆட்டத்தோடு வெளியே வந்துவிட்டது, இங்கே எல்லோருக்கும் துக்கம். மற்றவர்கள் பந்தைப் பார்க்கிறார்கள். நான், கேமரா எப்போதாவது பெஞ்சுப் பக்கம் திரும்புகிறதா என்று பார்க்கிறேன். எல்லா நாட்டிலும் அந்த இரண்டாவது கோல்கீப்பர் உட்கார்ந்திருக்கிறான், பாத்திமுத்து. எத்தனை அமைதியாக உட்கார்ந்திருக்கிறான்!

ராஜவேல் போய்விட்டான் இல்லையா? புது சீசனில் கோலுக்கு யார் யார்? போன வருஷம் கேட்ட மாதிரியே கேட்கிறேன். முதல் ஆளா, மூன்றாவது ஆளா, எதுவானாலும் எழுது. லைன் கட்டாகாது.

உன்,
ஹபீப்


மரக்காணம்
27.8.2006

என் அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி என்று நேராகவே கேட்கிறேன், நேராகவே பதில் வர வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு ஒரு மாதமாகப் பதில் தெரியாமல்தான் எழுதவில்லை. ராஜவேல் வேலையில் சேர்ந்துவிட்டான். அவன் இருந்த இடத்துக்கு இரண்டு பேர். ரயானும் தட்சணாமூர்த்தியும். புதிதாக முதல் வருஷத்தில் ஒரு சின்னப் பையன் சேர்ந்திருக்கிறான், அவன் இன்னும் கற்றுக்கொள்கிறான். தட்சணாமூர்த்தி ஒரு வருஷத்தில் நன்றாக ஆடப் பழகிவிட்டான். எகிறினால் கம்பத்துக்கு மேலேயே கை போகிறது. பொய் எழுத மாட்டேன், நானே போய்ப் பார்த்தேன். உயரப் பந்தில் அவன் நம் பிள்ளையைவிட நல்லவன்.

மூன்று வாரம் இரண்டு பேரையும் மாற்றி மாற்றி நிற்கவைத்துப் பார்த்தார் பி.டி. சார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது நானே கேட்டுவிட்டேன், "யாருங்க சார் ஃபர்ஸ்ட்?" என்று. சிரித்தார். "தெரியலம்மா. கை அவனுது நீளம், கண்ணு உங்க புள்ளையுது" என்றார். இந்தத் தடவை நான் யாருக்கும் எதிராக துஆ கேட்கவில்லை. அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று முதல் மேட்ச். விழுப்புரம் காலேஜ். நானும் ஜுவைரியாவும் மரத்தடிக்குப் போனால், சின்னப்பாப்பா அங்கே உட்கார்ந்திருக்கிறார். "ராஜவேல்தான் போயிட்டானே, இன்னும் வர்றீங்களே?" என்றேன். "வூட்ல குந்தி இன்னா பண்றது? பழகிப்போச்சு" என்றார்.

பையன்கள் வரிசையாக இறங்கினார்கள். தட்சணாமூர்த்தி பெஞ்சுப் பக்கம் போனான். ரயான் கோலைப் பார்த்து நடந்தான். ஜுவைரியா என் கையைக் கிள்ளிவிட்டாள்.

தொடங்கிக் கால் மணிகூட ஆகியிருக்காது. கார்னரிலிருந்து வந்த பந்துக்கு ரயான் வெளியே ஓடி வந்து எகிறினான். பந்து கைக்கு எட்டவில்லை. பின்னால் நின்றவன் தலையால் இடித்து உள்ளே போட்டுவிட்டான். ரயான் மேல்தான் தப்பு. எனக்கே தெரிந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். மூடவில்லை. அவன் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து, நடு மைதானத்துக்கு வீசிவிட்டு, இரண்டு கையையும் தட்டி, "பரவால்ல, பரவால்ல, வாங்கடா!" என்று கத்தினான். தப்புச் செய்தவனே மற்றவர்களைத் தேற்றினான்.

அதற்குப் பிறகு நாம் இரண்டு கோல் போட்டோம். கடைசிப் பத்து நிமிஷம் முழுக்க ஆட்டம் நம் கோல் முன்னாலேயே நடந்தது. எத்தனை பந்து பிடித்தான் என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை. ஒரு தடவை எதிராளியின் காலடியிலேயே போய் விழுந்து பந்தை வாரிக்கொண்டான். முழங்கையெல்லாம் ரத்தம். சின்னப்பாப்பா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார். கடைசி விசில் அடித்தபோது இரண்டுக்கு ஒன்று. தட்சணாமூர்த்திதான் முதலில் ஓடிப்போய் அவனைத் தூக்கினான்.

அப்போது எங்கள் பின்னால் நின்றிருந்த ஒரு பெரியவர், விழுப்புரத்துக்காரர்போல, குனிந்து கேட்டார்: "யாரு புள்ளம்மா அது, கோல்ல நின்னது?"

சின்னப்பாப்பா என்னைக் காட்டி வாயைத் திறந்தார். ஜுவைரியாவும் திறந்தாள். இரண்டு பேருக்கும் முன்னால் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மரக்காணம் ஹபீப் முஹம்மது புள்ளைங்க" என்றேன்.

மச்சான், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்கள் பேரை நான் வாய் திறந்து சொன்னதே இல்லை. நேற்று சொன்னேன். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

அல்லாஹ் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு, ஹபீப் முஹம்மது மனைவி,
பாத்திமுத்து